அப்பாவுக்கு எதுவும் வேண்டியதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கேட்காமல் தொடங்கவும் கை வரவில்லை. உங்கள் மறுவாழ்வு இல்லத்து மேலாளர் போன் செய்தார். நீ பெட்டியைக் கட்டிவிட்டாய், என் சம்மதம் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுவேன் என்கிறாய் என்றார். அப்பாவைப் பார்க்கத்தான் என்கிறாயாம். அதனால் அப்பாவின் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் குளியலறையில் விழுந்தது உனக்குத் தெரியும். கை கால் சரியாகிவிட்டது. பேச்சும் தெளிவுதான். ஆனால் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருக்கிறார். தட்டை முன்னால் வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊட்டினால் விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு" என்கிறார். அடுத்த வாய் கேட்பதில்லை. செய்தி வாசிப்பவரோடு சண்டை போடும் மனுஷன், நிறுத்திவைத்த டி.வி. முன்னால் நாள் முழுக்க இருக்கிறார்.

மூளையின் ஆழத்தில் சின்ன ரத்தக் கசிவு என்று சொல்லி, டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாக என் ஆராய்ச்சியே அந்த இடத்தில்தான். அதை முடக்கிவிட்டால் எலி, எதிரில் இருக்கும் சர்க்கரைத் தண்ணீரிடம்கூடப் போகாது. நாக்கில் விட்டால் மட்டும் ரசித்து நக்கும். பிடிப்பது வேறு, வேண்டும் என்பது வேறு என்று காட்டித்தான் எனக்குப் பேராசிரியர் பதவி வந்தது. எலி டாக்டர் என்று நீயும் அப்பாவும் கிண்டல் செய்வீர்களே, அந்த எலி டாக்டர்தான் அன்றைக்கு எல்லோரையும் போல, சரியாயிடுமா டாக்டர் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன தடவை நீ சொன்னாய், "பிடிச்சா குடிக்கிறேன்னு நினைக்கிற? நாத்தமே குடலைப் புரட்டுதுக்கா. ஆனா கால் அங்கதான் போகுது." நம்புகிறேன். சித்தி சொல்வதுபோல அது திமிர் இல்லை. அப்பாவிடம் அணைந்துபோனது உன்னிடம் அணைய மாட்டேன் என்கிறது. போன மாதக் கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, உங்கள் ஆராய்ச்சியால் ஒரு ஆளாவது குடியை விட்டாரா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

"அப்பா என்னைக் கேட்டாரா" என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. நானாகத்தான், தம்பி வரணும்னு சொல்றான்பா என்றேன். "சரி" என்றார். மாத்திரை கொடுத்தாலும் அதே சரிதான். உன் மேல் கோபம் என்று நினைத்து மனசை அலட்டிக்கொள்ளாதே. கோபப்படவும் ஒரு பிடிப்பு வேண்டுமே.

வீட்டுக்கு மட்டும் வராதே. தெருமுனை மதுக்கடை அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டி நம் வாசல்வரை நீ வந்து சேர்வாய் என்று, என் படிப்பு அத்தனையும் வைத்துக்கொண்டு, என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே அப்பாவைக் காரில் கூட்டி வருகிறேன். அலைய வைக்காதீர்கள் என்றார் டாக்டர். போகணும்னா சீக்கிரமா போயிட்டு வந்திடுங்க என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முகத்தைச் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். அவர் பேசாவிட்டாலும் நீ பேசு. ஞாயிறு வரைக்கும் இரு, கண்ணு, அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்கு மேல் என்ன என்பதை அதற்கு மேல் பார்த்துக்கொள்வோம்.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா