ராகுகாலத்துக்கு முன் பூட்டிய பிரேக்

ஞாயிறு இரவு, ஓல்னே, பாரிஸ் புறநகர்

பழைய மஸ்டாங் காருக்கு நானே புது பிரேக் பூட்டினேன். ராகுகாலத்துக்கு முன் லா சப்பல் கோயிலில் பூசை முடிய வேண்டுமென்ற அவசரத்தில், பிரேக் குழாயிலிருந்த காற்றை முழுதாக எடுக்கவில்லை.

ஐயர் சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியை மெல்ல உருட்டினேன். வண்டியின் முன்னால் கட்டிய மாலை சரிய, அதைப் பிடிக்க மனைவி ரதி குறுக்கே வந்தாள். பிரேக்கை மிதித்தேன், குழாயில் நின்ற காற்றால் பிடிக்காமல் பெடல் அடிவரை போனது. கைபிரேக்கை இழுத்தேன். பம்பர் அவள் சேலையைத் தொட்டு நின்றது.

"என்னப்பா இவ்வளவு அவசரம்?" என்று சிரித்தாள்.

பிரேக் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தே வீடு வந்து சேர்ந்தோம்.

"பூசை முடிஞ்சுது, இனிப் பயமில்லை. நாளைக்கு காரை நான் வேலைக்குக் கொண்டுபோகட்டே?" என்று ரதி கேட்டாள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமலே "ஓம்" என்றுவிட்டேன்.

அவள் தூங்குகிறாள். கார்ச் சாவி என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.