சாத்துக்குடிக்கு வந்த சம்மதம்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று பட்டாபிராம் போய்வந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கும் உங்கள் அம்மாவை, என் அத்தையைப் பார்க்கத்தான் போனேன். மலேசியாக்காரியைக் கட்டிக்கொண்டீர்கள் என்று இரண்டு வருடமாக நம்மிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்காதவர். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஸ்டேஷன் வாசலில் சாத்துக்குடி வாங்கினேன். போனில் பணம் அனுப்ப அழுத்திய பிறகுதான் உறைத்தது. என் விசா புதுப்பித்து வரும்வரை வங்கி என் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்துதான் கட்டுகிறேன். நான் கட்டும் ஒவ்வொரு முறையும் கடைப் பெயரோடு உங்கள் போனுக்கு ஒரு தகவல் போய்ச் சம்மதம் கேட்கும். இந்தக் கடையின் பெயரிலேயே பட்டாபிராம் இருந்தது.

"இன்னாம்மா, இன்னும் காசு வரல?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரர் ஓகே பண்ணணும்ண்ணா."

"ரெண்டு கிலோ சாத்துக்குடிக்கு ஊட்டுக்காரர் பர்மிஷனா? நல்லா கீதும்மா உன் குடித்தனம்."

நீங்கள் மறுத்தால் அப்படியே திரும்பிவிடலாம் என்றிருந்தேன். நான்கு நிமிடம் கழித்துப் பணம் போனது. தெரிந்துதான் அழுத்தினீர்களா, வேலை நடுவே பழக்கத்தில் விரல் அழுத்தியதா? சாயங்காலம் உங்கள் முகத்தில் தேடினேன், ஒன்றும் பிடிபடவில்லை.

பையைப் பார்த்து, "யார் வாங்கினது?" என்று அத்தை கேட்டார். எனக்கே குழப்பமாக இருந்தது. "உங்க மகன்," என்றேன். அது பொய்யா என்று இப்போதும் தெரியவில்லை.

அத்தை ஒரு பழத்தை உரித்து, பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார்.

உங்கள் மனைவி