கொழுந்துக் கொட்டகைக்கு நான் போகாத ஞாயிறுகள்

அக்கா,

இன்று காலை கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைப்பைக்குள் சாவியைத் தேடினேன். உங்கள் காது மிஷினின் பேட்டரி அகப்பட்டது. சட்டைப் பொத்தான் அளவுதான், இன்னும் அட்டையிலிருந்து பிரிக்கவில்லை. "எனக்கு மறதி புள்ள, ஒண்ணு உங்கிட்ட இருக்கட்டும்" என்று நீங்கள்தான் கொடுத்து வைத்தீர்கள். சாவி கிடைத்த பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் நாம் அடுத்தடுத்த கதவு. துணிக்கடை வேலை கிடைத்ததும் நான் தானா ராத்தா டவுனுக்குக் குடிவந்தேன். நீங்கள் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்துவிட்டு, அங்கேயே இருந்துவிட்டீர்கள். மிஷின் மாட்டிய புதிதில் வேன் பிடித்து என்னைப் பார்க்க வந்தீர்கள். பள்ளி விடுமுறை நேரம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வெளியே ஹாரன், உள்ளே தட்டுச் சத்தம். மிஷின் எல்லாவற்றையும் அள்ளி உங்கள் காதில் கொட்டியது. என் பேச்சு மட்டும் அதில் காணாமல் போனது. அதனால் நீங்கள் உரக்கக் கேட்டீர்கள்.

"உன் மவ புருஷன் வீட்டுலேருந்து வந்துட்டாளாமே, நெசமா?"

நாலு மேசை திரும்பிப் பார்த்தது. அதில் ஒன்றில் என் முதலாளியின் மனைவி. எனக்கு முகம் எரிந்தது. உங்கள் பக்கம் குனிந்து சொன்னேன்:

"ஊருக்கே கேக்குது. மிஷின் போட்டும் என்னா பிரயோஜனம்?"

அது மட்டும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. மிஷினைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பையில் வைத்துவிட்டு மீதித் தேநீரைக் குடித்து முடித்தீர்கள்.

இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து வந்து, இடம் பார்த்துவிட்டேன் என்றீர்கள். அந்த ஞாயிறு மத்தியானம் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைக்குள் அரைமணி நேரம் என்னை நடத்திக் கூட்டிப்போனீர்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒருவரும் வருவதில்லை. பலகையில் உட்கார்ந்ததும் மிஷினை மாட்டிக்கொண்டீர்கள்.

"இங்க நீ மெதுவா பேசினாலே கேக்குது லா. நானும் மெதுவாவே பேசுறேன்."

என் மகளின் கதையை முழுதாக ஒருவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். நீங்கள் புத்தி சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம். இனி ஒவ்வொரு வாரமும் வருவேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், கடையில் கூட்டம் என்று செய்தி அனுப்பினேன். பொய், அக்கா. ஞாயிறு மத்தியானத்தோடு என் வேலை முடிந்துவிடும். வீட்டில் படுத்துக்கொண்டு நாடகம் பார்த்தேன். கொட்டகையிலும் சில சொற்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, அது எனக்கு அலுத்துவிட்டது. வேறு காரணமே இல்லை. "சரி புள்ள" என்று பதில் வந்தது. பிறகு செய்தி அனுப்புவதையும் விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று தகவல் வந்தது. துக்கத்துக்கு லைனுக்குப் போனேன், ஈப்போவிலிருந்து வந்திருந்த உங்கள் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்து அம்மாகூட பேசிக்கிட்டு இருந்தீங்களே சித்தி. போன் பண்ணும்போதெல்லாம் சொல்வாங்க, நீங்க வந்தீங்க, சிரிச்சுப் பேசினீங்கன்னு. தூரத்துல இருந்தாலும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நான் தலையாட்டினேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. என்னை உங்கள் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிறகு விசாரித்தேன். வாராவாரம் மிஷினை மாட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போய், சாயங்காலம்தான் திரும்புவீர்களாம்.

உங்கள் மகள் இப்போதும் எனக்குப் போன் செய்கிறாள். அம்மா என்னவெல்லாம் பேசினார்கள் என்று கேட்கிறாள். அந்த இரண்டு ஞாயிறுகளில் நீங்கள் பேசியதைத் துண்டு துண்டாக்கி, வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிவந்தேன். அது தீர்ந்துவிட்டது. போன வாரம் நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அவள் அழுதாள், எனக்கு நன்றி சொன்னாள்.

நீங்கள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அக்கா, நானும் என்னைக் காப்பாற்றத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.