சிவப்புப் பொத்தானுக்கு வைத்த பெயர்

நங்கையா,

இன்று காலை உங்கள் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். காதில் உட்காரும் அந்தப் பஞ்சில் இன்னும் உங்கள் எண்ணெய் வாசம். கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டு நீங்களே காய்ச்சுகிற தேங்காயெண்ணெய். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பஞ்சை மாற்றச் சொல்லி உங்கள் தம்பி நச்சரிக்கிறார். மாற்றுவேனா நான்? கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு சிரித்தேன். சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஜெயித்துவிட்டோம் நங்கையா! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேவிகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கணவரின் அக்காவை எங்கள் ஊர் வழக்கப்படி 'நங்கையா' என்று கூப்பிட்டேன். லயத்தில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் மட்டும், "எம் பேர விட இது நல்லாத்தான் இருக்கு, அப்படியே கூப்பிடுட்டி" என்றீர்கள். தாலுகா ஆபீசுக்கு எதிரே உங்கள் கடை. முன்னறையில் ஜெராக்ஸ், விண்ணப்பம். பின்னறையில் சுவரெல்லாம் பழைய எஸ்டேட் கம்பளி தொங்கவிட்ட நம் பாட்டு அறை. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், இந்த ஹெட்போன். அவ்வளவுதான் நம் ஸ்டூடியோ.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டு மென்பொருள் ஒரு நாள் பாதிப் பாட்டில் மக்கர் பண்ணி இரண்டு நாள் வேலையை விழுங்கியது. கோபத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸையும் அதில் பாட்டு எடுக்கிற மென்பொருளையும் ஏற்றினீர்கள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக இதுலதான் படிக்குதுக. நமக்கு என்ன கொள்ள வந்துச்சு?" மூணாறில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் இதைக் கேள்விப்பட்டு, "ஓசி சிஸ்டத்துல பாட்டா? அது ஃபாரம் நிரப்பத்தான் லாயக்கு" என்றார்.

முதல் மாதம் அவர் வாய் பலித்துவிடும் போலத்தான் இருந்தது. பாடினால் ஹெட்போனில் குரல் ஓர் எட்டு பின்னால் வந்தது. அதைச் சரிசெய்யப் போனால் படபடவென்று வெடித்தது. எங்கெங்கோ தேடிப் படித்தீர்கள். ஒரு மழை நாளில், பஃபர் என்கிற அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்து, ஒலிக்கு முதலிடம் கொடுக்கும்படி மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்து, பதம் கண்டுபிடித்துவிட்டீர்கள். "கேளுட்டி, கேளுட்டி!" என்று என் தலையில் ஹெட்போனைக் கவிழ்த்தீர்கள். வாயிலும் காதிலும் ஒரே நேரத்தில் குரல்! அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் நம் பாட்டைக் கேட்டுவிட்டு, எந்த மென்பொருள் என்று அதே ஸ்டூடியோக்காரர் ஆள் விட்டுக் கேட்டார். "ஃபாரம் நிரப்புறதுதான்னு போய்ச் சொல்லு" என்றீர்கள்.

உங்களுக்கு அது போதவில்லை. பேச்சியம்மாவும் அவள் கூட்டாளிகள் நால்வரும் கொழுந்து பறிக்கிறவர்கள். தாங்களே பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள். அவர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அன்று நாம் இரண்டு பேரும் ஊரில் இல்லையென்றால் பாட்டு அப்படியே நின்றுவிடும். "நாம இல்லாட்டி அவளுக பாட்டு நின்னு போகும்னா அது என்னட்டி ஏற்பாடு?" என்று பொருமுவீர்கள். அவர்களே கதவைத் திறந்து, அவர்களே பாடி, அவர்களே கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. தடையாக இருந்தது ஒன்றே ஒன்று: திரையில் எல்லாம் இங்கிலீஷ். அவர்களோ தமிழ் மட்டும் படித்தவர்கள். இந்த மென்பொருளின் சொற்களை யார் வேண்டுமானாலும் தங்கள் மொழியில் எழுதி அனுப்பலாம். சரிபார்ப்பவர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த பதிப்பில் எல்லார் கம்ப்யூட்டரிலும் வரும். "பெறவு என்ன? எழுது" என்றீர்கள்.

எழுதினேன். பி.ஏ. தமிழ் படித்தவள் என்ற கர்வம் வேறு. சிவப்புப் பொத்தானுக்குப் 'பதிவு' என்று போட்டு, முதலில் நம் கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்றி, பேச்சியம்மாவை உட்காரவைத்துவிட்டு வெளியே நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அமுக்கலையா பேச்சி?" என்றீர்கள்.

"அமுக்கிட்டேன்க்கா. பாட்டு பெறவு பாடிக்கிடலாம். வீட்டு எடத்துக்கு எம் பேரு பதிவாயிருச்சா, அதச் சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தும் சொந்தமாக ஒரு சென்ட் இடம் இல்லாதவள். எதிரே தாலுகா ஆபீஸ். பதிவு என்றால் இந்த ஊரில் வேறு என்ன அர்த்தம்? நீங்கள் சிரிக்கவில்லை. "சிரிக்காதட்டி. அவ வாழ்நாள் பூரா காத்துக் கெடக்குற வார்த்தைய எடுத்துப் பாட்டுப் பொத்தான்ல ஒட்டிட்டோம்" என்றீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏனுங் நங்கையா, ரெக்கார்டுன்னே போட்டரலாங்களா?" என்று கேட்டேன்.

"அதுவும் ஆபீசு வார்த்ததான். ரெக்கார்டு கொண்டா, ரெக்கார்டு கொண்டான்னு எத்தன நட நடத்துனாங்க இவளுகள?"

பேச்சியம்மாதான் வழி சொன்னாள். "பாட்டப் பிடிக்கணும், அம்புட்டுத்தான? பிடின்னு போடுங்க."

அன்றைக்கே எல்லாச் சொல்லையும் மாற்றினீர்கள். குரலை அடக்கும் பொத்தானுக்குப் 'பேசாதே'. ஒரு குரலை மட்டும் கேட்பதற்கு 'நீ மட்டும் பாடு'. "இலக்கணம் என்னாவறதுங்க?" என்று நான் புலம்பினேன். "அது வந்து பாடுமா?" என்று என் வாயை அடைத்தீர்கள்.

அனுப்பினோம். தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், 'பிடி' கொச்சை என்றும் 'பதிவு செய்க' என்பதே நிலைபெற்ற சொல் என்றும் மடல் எழுதினார். அந்த வாரம்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தபோது, திரையில் நீங்கள் எழுதத் தொடங்கிய பதில் இருந்தது. "ஐயா வணக்கம். எங்க ஊர்ல" என்பதோடு நின்றிருந்தது. நங்கையா, அதற்குமேல் அன்றைக்கு என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து நான்தான் அதை எழுதி முடித்தேன். பேச்சியம்மா கையைக் கட்டி உட்கார்ந்திருந்ததை எழுதினேன். நான் சிரித்ததையும் மறைக்கவில்லை. தன்னார்வலர் விடவில்லை, நானும் விடவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். கடைசியில் அகளியில் இதே மென்பொருளில் பாட்டு எடுக்கிற ஒருவர் குறுக்கே வந்து, "எங்க ஊர்லயும் பதிவுன்னா கையில பத்திரக் கடலாசு வேணும்ங்க. பிடிதான் சரி" என்று எழுதினார். மறுநாள் தன்னார்வலரின் மடல் வந்தது: "தோற்றேன். பிடி இருக்கட்டும்."

போன வாரம் புதிய பதிப்பு வந்தது. ஏற்றினேன். சிவப்புப் பொத்தானில் பிடி! ஊர் உலகத்தில் யார் தமிழில் திறந்தாலும் பிடி! வாய்விட்டுக் கத்தியதில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துபோனார்.

நேற்று ஞாயிறு. ஐந்து பேரும் வந்தார்கள். வழக்கம்போல அவர்கள் பக்கத்தில் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன். பேச்சியம்மா, "நீங்க வெளிய இருங்க மைனி. நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. உள்ளே பாடினார்கள், நிறுத்தினார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், திரும்பப் பாடினார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "முடிஞ்சுது, கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள்.

இன்று காலை கேட்டேன். சுத்தமாக இருக்கிறது நங்கையா. இருமல் வந்த இடத்தை அவர்களே வெட்டி, அவர்களே திரும்பப் பிடித்திருக்கிறார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன நிசப்தம், அதில் பேச்சியம்மாவின் குரல், மெதுவாக: "அமுக்கியாச்சு. அக்கா, கேக்குதா?"

என்னை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்பது உங்களை மட்டும்.

பாட்டுக்கு முந்திய பேச்சை வெட்டிவிடுவதுதான் என் வேலை. அதை நான் வெட்டவில்லை. இந்த வருஷம் திருவிழாவில் மலை முழுக்க அது கேட்கும்.