படகில் அடித்த ஆணிகள்

3.9.1983, சனி

துபாயிலிருந்து அண்ணன் பெட்டியில பலகை பலகையா அனுப்பின, நாமே சேத்துக் கட்டிக்கிற ஒத்தை ஆள் படகு. பலகைகளை ஒரு மாசமா செப்புக் கம்பியால தைச்சு நிறுத்தியிருந்தேன். பசை பூசுறதுதான் பாக்கி; அது காஞ்சதும் கம்பியை உருவிடலாம். இன்னிக்கு ஆபீஸ் விட்டு வந்தா, படகு முழுக்க ஆணி. பக்கத்து வூட்டு ஆசாரி நிக்கிறார்.

"வெறும் கம்பி தண்ணியில தாங்குமாங்க? அதான் வலுவா அடிச்சுட்டேன். கூலியெல்லாம் வேணாம்."

அட்டை மாதிரி மெல்லிசுப் பலகை. ஆணி இறங்கின இடமெல்லாம் வெடிச்சிருக்கு. அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷம். காபி கொடுத்தேன்.

திங்கட்கிழமை அண்ணன் வந்ததும் கொள்ளிடத்துல விடணும்.

"மொத சவாரி என் பேத்திக்குத்தாங்க"ன்னுட்டுப் போனார். தலையாட்டிட்டேன். அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியுமான்னுகூடக் கேக்கல.