சுத்தமான தரை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தரின் தயவால் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் நலம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், சாப்பிடுகிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டாள், இருந்தாலும் எழுது. உன் தம்பிக்குப் பட்டறையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, மீசையும் வைத்துவிட்டான், இரண்டில் எதற்கு அதிகம் சந்தோஷப்படுகிறான் என்று தெரியவில்லை. மாவு, எண்ணெய் எல்லாம் விலை ஏறிக்கொண்டே போகிறது. கடைக்காரர் பலகையில் விலை எழுதுவதையே விட்டுவிட்டார், கேட்டால் வாயால் சொல்கிறார், அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலை செய்யும் கடையின் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போடும் பழைய ரொட்டியை ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்கள் என்றும், தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிவிடலாம் என்ற யோசனை உன்னுடையது என்றும், மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார் என்றும் எழுதியிருந்தாய். அம்மா அதைப் பக்கத்து வீட்டிலெல்லாம் வாசித்துக் காட்டினாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் கோதுமைக் கிடங்கில் லாரிக்கு அடியில் பெருக்கும் பெண்ணை உனக்கு நினைவிருக்கும், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் பார்த்திருப்பாய், உன் வயதுதான், சுமைக்காரர்கள் குருவி என்று கூப்பிடுவார்கள். கொக்கி குத்தி மூட்டையிலிருந்து சிந்தும் கோதுமையைக் கூட்டி அள்ளி, மண் போகப் புடைத்து எடுத்துப்போவாள், பத்து வருடமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை. விலை ஏறியதும், சிந்துவதும் சரக்குதான் என்று முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்தார். லாரிக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்தால் ஒரு மணிகூடத் தரையில் விழாது என்று நான் சொன்னேன். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொன்னேன். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்து ஒரு மூட்டை கோதுமையும் வீட்டுக்கு அனுப்பினார். அதையும் ஜெபம் பண்ணித்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் அவள் துடைப்பத்தோடு வந்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன். ஒன்றும் கிடக்காத தரையை மூலைக்கு மூலை பெருக்கிவிட்டு, வரேங்கய்யா என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் அப்படியே வந்து பெருக்கினாள். நாலாம் நாள் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் வேதபாடம் வாசிப்பது என் முறை. அறுப்பில் சிந்தியதைத் திரும்பப் பொறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்று வருகிற பகுதி. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், வயல் வைத்திருக்கிறவனுக்குச் சொன்னது என்று இருந்துவிட்டேன். பாதியில் நிறுத்தி, சளி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். திங்கட்கிழமை தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்து, இனி விரிக்க மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். உங்களுக்கு வயசாயிடுச்சு என்றார், இதுவரை வெளியே அனுப்பவில்லை. கோதுமை மறுபடி சிந்துகிறது, அவள்தான் வரவில்லை. அவள் குடியிருந்த இடத்தை விசாரித்துப் போனேன், கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கியது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட ஒரு குழந்தையும் இருந்ததாம், அதுகூட எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது காலையில் கிடங்கின் கேட்டைத் திறந்ததுமே துடைப்பம் தரையில் உரசுகிற சத்தம் கேட்கிறது, திரும்பினால் புறாதான் நிற்கிறது. அம்மா காது டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே அம்மா. உனக்கு என் மூளை வந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உலகம் முழுக்க எத்தனை தரைகளை நம்மைப் போல ஜெபம் பண்ணிச் சாப்பிடுகிறவர்கள் இப்படிச் சுத்தமாக்கியிருக்கிறார்களோ. பூட்டு போடுவதற்கு முன்னால் ஒரு காலையாவது அந்தத் தொட்டிப் பக்கம் போய் நில், வருகிறவர்களின் முகத்தைப் பார். பார்த்துவிட்டு உன் மனம் போல் செய்.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், அந்தக் கையால் யாருடைய வயிறும் காயாமல் காக்கட்டும். குளிரில் காலுறை போடாமல் வெளியே போகாதே. முதலாளி தந்த மூட்டையில் பாதி கட்டிலடியில் அப்படியே கிடக்கிறது, எனக்கும், நடந்ததைச் சொன்ன பிறகு அம்மாவுக்கும், அதில் கைவைக்க மனமில்லை. பதில் எழுதும்போது உன் சுகத்தை அப்புறம் எழுது, பூட்டு போட்டாகிவிட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா