அவருடைய வலைப்பதிவில் நான்

12 நவம்பர் 2007, திங்கள்

விடாத மழை. சேலையூரில் தெருவெல்லாம் தண்ணீர். லீவு விடுவார்கள் என்று கடைசி நிமிடம் வரை டிவி முன்னால் காத்திருந்து, ஏமாந்து, ஆட்டோ பிடித்து ஸ்கூல். கம்ப்யூட்டர் லேபில் பாதி மெஷின் ஓடவில்லை. ஈரம்.

மூன்றாவது பீரியட் முடிந்ததும் கெமிஸ்ட்ரி டீச்சர் வசந்தி வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். அவள் தம்பிக்கு நண்பன் ஒருவன் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரியை அனுப்பியிருக்கிறான். பெண்களின் படங்களாகச் சேர்த்துப் போடும் தளம். தம்பி எங்கள் ஆண்டு விழாவுக்கு வந்தவன், என்னைத் தெரியும்.

"கோவிச்சுக்காத ஜெசி. நீதான்னு நெனைக்கிறேன். நீயே ஒரு தடவ பாத்துரு."

திறந்தேன். நான்தான். எங்கள் மொட்டை மாடி. தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருக்கிறேன். நைட்டி. மழை தூறுவதற்குள் துணி எடுக்கிறேன், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று எனக்குத் தெரியும். மேலே 'தாம்பரம் ஆன்ட்டி' என்று தலைப்பு. கீழே கருத்துகள். படிக்காதே என்று வசந்தி கையைப் பிடித்து இழுத்தாள். எல்லாவற்றையும் படித்தேன்.

அடுத்த பீரியட் +1. என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

வாங்க வேண்டியது: கொசுவர்த்தி, ரவை, இவருக்கு இருமல் மருந்து.

13, செவ்வாய்

மழை விட்டது. துணி எதுவும் காயவில்லை. மாடிக்குப் போகவும் பிடிக்கவில்லை.

நேற்று மாலை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. இவர், சாமுவேல், மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷன். வீட்டுக்கு வந்தால் வலைப்பதிவு. புனைபெயரில். எந்த செல்போனில் பேட்டரி நிற்கும், எந்த கேமரா காசுக்குத் தகும், பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள், கேட்கிற தளத்துக்கெல்லாம் பிறந்த தேதி கொடுக்காதீர்கள். தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். ஆனால் படித்ததில்லை. எல்லாம் செல்போன் சமாச்சாரம், உனக்கு போரடிக்கும் என்பார்.

கம்பெனி பஸ்ஸில் பெருங்களத்தூரில் இறங்கி நனைந்துகொண்டு வந்தார். துண்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. போனஸில் வாங்கிய கேமராவைப் பற்றி எழுதியபோது, மேகமூட்டத்திலும் நன்றாக எடுக்கிறது என்று காட்டப் போட்ட படமாம். அங்கிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இவருக்கு தீபாவளிக்கு முன்பே தெரியும். ஒரு நாள் ஜாங்கிரி வாங்கி வந்தாரே, பதிவுக்குத் திடீரென்று வாசகர் கூட்டம் என்று. மறுநாள்தான் அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறார். தேடிய இடத்தில் நான். தன் பதிவிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். அந்தத் தளத்துக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"நீ பாத்துடுவியோன்னு."

ஊரே பார்க்கலாம். நான் மட்டும் பார்த்துவிடக் கூடாது.

15, வியாழன்

பல்வலி. கிராம்பு.

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று எச்.எம். அறைக்குப் போனேன். முழுக்கக் கேட்டார். ஒரே கேள்வி. "கிளாஸ் எடுக்க முடியுமா?" முடியும் என்றேன். அப்படியானால் எடு, எந்தப் பெற்றோராவது வந்தால் என்னிடம் அனுப்பு என்றார். வெளியே வந்துதான் அழுகை வந்தது. பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

மாலையில் அந்தத் தளம் எந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பாடம்தான். புகார் எழுதினோம். என் மானம் போகிறது என்று எழுதினால் சீந்த மாட்டார்கள். உரிமை படத்தை எடுத்தவருக்கு, அதைத் திருடிவிட்டார்கள் என்றால் அசைவார்கள். அதனால் கையெழுத்து இவருடையது. படத்தில் இருப்பது நான், உரிமை இவருக்கு. சட்டம் அப்படி.

17, சனி

படத்தை எடுத்துவிட்டார்கள். காலையில் பார்த்தபோது இல்லை. வசந்திக்கு போன் செய்து சொன்னேன். மத்தியானம் வேறொரு தளத்தில், வேறொரு தலைப்பில், அதே சிரிப்பு.

இவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். குடும்பப் படங்களை இணையத்தில் போடலாமா என்று. படித்துக் காட்டினார். நன்றாக எழுதியிருக்கிறார், அதுதான் இன்னும் எரிச்சல். பேர் போடவில்லையாம், 'ஒரு ஆசிரியை' என்றுதானாம்.

"என்னைப் பத்தி இனிமே ஒரு வரி எழுதாதீங்க."

"நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்னுதான்."

"எனக்கு?"

கட்டுரையை மூடினார். பதிவின் பாஸ்வேர்டை என்னிடம் சொன்னார். நீயே பார்த்து என்ன வேண்டுமோ செய் என்றார்.

18, ஞாயிறு

சர்ச். சமாதானம் சொல்லிக் கை கூப்பிய ஒவ்வொருவரையும், இந்த ஆள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரோ என்றே பார்த்தேன். பாஸ்டரையும்கூட. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

மத்தியானம் இவர் படப்பைக்கு, அத்தையைப் பார்க்க. பதிவை முதலிலிருந்து படித்தேன்.

செல்போன் மட்டும் இல்லை. 'வீட்டம்மா' என்று ஒருத்தி எல்லாவற்றிலும் வருகிறாள். வீட்டம்மாவின் குறட்டை. வீட்டம்மா மாமியாரோடு மீன் குழம்புக்குச் சண்டை. என் தங்கைக்குப் பார்த்த வரன் தட்டிப்போனதுகூட. கீழே சிரிப்புக் குறிகள். வீட்டம்மா சுகமா என்று முகம் தெரியாதவர்கள் விசாரிக்கிறார்கள். உடம்பெல்லாம் கூசியது. அந்தப் படத்துக்குக்கூட இப்படிக் கூசவில்லை.

பிறகு போன வருடத்துப் பதிவு ஒன்று. அதில் போனும் இல்லை, கேமராவும் இல்லை. வயிற்றில் ஐந்தாம் மாதம் குழந்தை போனபின் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாரே, அன்று எழுதியது. என்னிடம் "சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காதபடி, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று அழுதாராம். ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாராம். பெயரையும் எழுதியிருக்கிறார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடமாக இந்த மனுஷனுக்கு அது வலிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

19, திங்கள்

வெயில். ஸ்கூலில் மாடல் டெஸ்ட். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, தெரியாது. இனி எப்போதும் தெரியாது.

இவர் வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வீட்டம்மா வருகிற பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். தடுக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் திறந்து வைத்தேன்.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல ஜெசி. அங்க யார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல."

அதை அழிக்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியாதபடி டிராஃப்டாக மாற்றினேன். அது போதுமா என்று தெரியவில்லை. ஏற்கெனவே எவ்வளவு பேர் படித்தார்களோ.

ஸ்கிரீனை அணைத்தார். பிறகு, நீ என்ன பேர் யோசித்து வைத்திருந்தாய் என்று கேட்டார்.

சொன்னேன். இங்கே எழுதவில்லை.